நீ முதலில் பேசு

திருவனந்தபுரத்துக் கரமனையில், தமிழ் பேசும் எங்கள் தெருவில், என் வேலையைப் பற்றி ஒரு எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. கழக்கூட்டத்தில் நான் வேலை பார்க்கும் ஐ.டி. கம்பெனியின் காலியிடங்கள் எல்லாம் என் கைப்பைக்குள் இருக்கின்றன, மனசு வைத்தால் ஒன்றை எடுத்து நீட்டிவிடுவேன் என்று எல்லோரும் நம்புகிறார்கள். காலையில் பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது யாராவது ஒருவர் வாசலில் காத்திருப்பார். பையன் பி.டெக். முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான், ரொம்ப சமர்த்து, வாய்தான் கொஞ்சம் அதிகம் என்பார். இன்னொருவர், பெண் ரொம்ப சமர்த்து, வாயே திறக்க மாட்டாள் என்பார். இரண்டு பேருக்கும் நான் ஒரே பதிலைத்தான் சொல்வேன். வெப்சைட்டில் அப்ளை பண்ணச் சொல்லுங்கள். இதைக் கேட்டதும் அவர்கள் முகம் போகிற போக்கு எனக்குப் பழகிவிட்டது.

என் அம்மாவுக்குத்தான் பழகவில்லை. "மூஞ்சில அடிச்சாப்ல சொல்லாம, பாக்கறேன்னு ஒரு வார்த்தை சொன்னா கொறஞ்சா போயிடுவே?" என்பாள். சொல்லலாம்தான். ஆனால் எங்கள் தெருவில் பார்க்கிறேன் என்றால் சம்மதம் என்று அர்த்தம். அடுத்த வாரமே ஜாயினிங் தேதி கேட்பார்கள். எனக்கு முன்கோபம் அதிகம் என்று தெருவில் பேச்சு. ஆபீஸிலும் அதே பேச்சுதான். இரண்டு இடத்திலும் ஒரே பெயர் எடுத்திருக்கிறேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

கல்லூரிகளுக்குப் போய்க் கடைசி வருட மாணவர்களைப் பார்த்து ஆள் எடுப்பது என் வேலை. வெகு காலமாக நகரத்தைச் சுற்றியுள்ள அதே சில கல்லூரிகளுக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம். அங்கே எல்லாம் தயாராக இருக்கும். ஏ.சி. ஹால், கையில் ஒரு ரோஜாப்பூ, தட்டில் முந்திரி பிஸ்கட், கோச்சிங் சென்டரில் தேய்த்து மெருகேற்றிய பிள்ளைகள். உங்கள் பலவீனம் என்ன என்று கேட்டால், எடுத்த வேலையை முழுசாக முடிக்காமல் எனக்குத் தூக்கம் வராது, அதுதான் என் பலவீனம் என்பார்கள். ஒரே நாளில் உள்ளே வந்த அத்தனை பேருக்கும் அதே பலவீனம் இருந்ததைப் பார்த்து நான் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன். அப்படி எடுத்த பிள்ளைகளும் நல்ல பிள்ளைகள்தான். ஆனால் புதிதாகச் சேர்ந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், எல்லோரும் ஒரே ஃப்ளாட்டிலிருந்து இறங்கி வந்தவர்கள் மாதிரி தோன்றும்.

இப்படி இருக்கும்போது எங்கள் டைரக்டர் பெங்களூரில் ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டு, டைவர்சிட்டி என்ற சொல்லோடு திரும்பி வந்தார். இனிமேல் எல்லா விதமான ஊர்களிலிருந்தும், எல்லா விதமான வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் நம்மிடம் வரவேண்டும் என்றார். அதுவரைக்கும் எங்கள் ஆபீஸில் டைவர்சிட்டி என்றால், க்ரூப் போட்டோவில் பெண்களை முன்வரிசையில் நிறுத்துவது. அந்தக் கணக்கில் நானும் பல முறை முன்வரிசையில் நின்று சிரித்திருக்கிறேன். டைரக்டர் சொன்னதற்கு மீட்டிங்கில் எல்லோரும் தலையாட்டினார்கள். எங்கே போகலாம் என்று மட்டும் யாரும் வாயைத் திறக்கவில்லை.

நான் திறந்தேன். வித்துரா போகிற வழியில் ஒரு என்ஜினீயரிங் கல்லூரி இருக்கிறது, இதுவரைக்கும் ஒரு கம்பெனியும் அங்கே ஏறிப் போனதில்லை, அங்குள்ள ப்ளேஸ்மெண்ட் ஆபீஸர் எனக்கு விடாமல் மெயில் போட்டுக்கொண்டே இருக்கிறார், அவருடைய பொறுமைக்காகவாவது ஒரு தடவை போய்வரலாம் என்றேன். டைரக்டர் சரி என்றார். கூட ஒரு டெக்னிக்கல் மேனேஜரை அனுப்பினார்.

அந்த மேனேஜர் என்னைவிட வயதில் இளையவர். நல்ல மனிதர். அவரிடம் இரண்டே குறைகள். வழக்கம் என்று ஒன்று ஏற்பட்டுவிட்டால் அதை அசைக்க விடமாட்டார். வளைந்து போகிற சாலையில் அவருக்கு வயிற்றைப் புரட்டும். நெடுமங்காடு தாண்டியதும் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே சாலை வளைய ஆரம்பித்தது. அவர் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். திறமை இருக்கிறவர்கள் தாங்களே இறங்கி வருவார்களே சேச்சி, நாம் எதற்கு ஏறவேண்டும் என்று கேட்டார். பஸ் கிடைத்தால் வருவார்கள் என்றேன். அதற்கப்புறம் அவர் பழத்தை முகர்ந்துகொண்டே வந்தார்.

கல்லூரி ஒரு சரிவில் இருந்தது. ப்ளேஸ்மெண்ட் ஆபீஸர் கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் கணக்கு வாத்தியார். இந்தப் பொறுப்பை யாரும் ஏற்காததால் அவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். எங்களைப் பார்த்ததும், கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் வண்டி வந்து நின்றால் பெண்ணின் அப்பா எப்படி ஓடி வருவாரோ அப்படி ஓடி வந்தார். முந்திரி பிஸ்கட் இல்லை. வேகவைத்த மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தித் துவையலும் பால் விடாத கட்டன் சாயாவும் இருந்தன. மேனேஜர் வயிறு சரியாகி இரண்டாம் தட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிள்ளைகள் எல்லோரும் துவைத்து இஸ்திரி போட்ட சட்டையில், மொழுமொழுவென்று எண்ணெய் வைத்து வாரிய தலையோடு, வராந்தா முழுக்க நின்றிருந்தார்கள். எனக்கு அந்த இடம் வந்தவுடனேயே பிடித்துவிட்டது.

முதலில் எழுத்துத் தேர்வு. அதில் தேறியவர்களைக் குழு குழுவாக உட்கார வைத்து க்ரூப் டிஸ்கஷன். இந்த க்ரூப் டிஸ்கஷனைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து ஒரு தலைப்பைக் கொடுத்துவிடுவோம். அவர்கள் தங்களுக்குள் விவாதிக்க வேண்டும். நாங்கள் மூலையில் உட்கார்ந்து மார்க் போடுவோம். முதலில் பேச்சைத் தொடங்குகிறவருக்கு மார்க் உண்டு. கடைசியில் தொகுத்து முடிக்கிறவருக்கும் உண்டு. நடுவில் எவ்வளவு பேசினார், எப்படிப் பேசினார் என்பதற்கும் உண்டு. இது பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும் என்பதால், நகரத்துக் கல்லூரிகளில் தலைப்பைச் சொல்லி வாயை மூடுவதற்குள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தொடங்குவார்கள். சாயங்காலச் செய்திச் சேனலில் நடத்துகிறவர் மட்டும் எழுந்து போய்விட்டால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கும். எனக்குத் தலைவலி வந்துவிடும்.

இங்கே முதலில் வந்த குழுக்கள் சுமாராகப் பேசின. பயந்து பயந்து, இங்கிலீஷில் தட்டுத்தடுமாறி, ஆனாலும் பேசினார்கள். சிலருக்கு மேனேஜரே நல்ல மார்க் போட்டதைப் பார்த்தேன். கடைசிக் குழுதான் நான் சொல்ல வந்தது.

வீட்டிலிருந்தே வேலை பார்ப்பது நல்லதா, ஆபீஸுக்கு வந்து பார்ப்பது நல்லதா என்பது தலைப்பு. மேனேஜருக்குப் பிடித்த தலைப்பு இது. கழக்கூட்டம் ஹைவேயில் தினமும் மாட்டிக்கொள்கிற யாருக்கும் பிடிக்கும். தலைப்பைச் சொன்னதும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பிறகு தாடி வைத்த ஒரு பையன், தனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்து, நீ முதலில் பேசு என்றான். மெலிந்த பெண். இரட்டைப் பின்னல் போட வேண்டிய வயது தாண்டவில்லை போல ஒரு முகம். அவள் திடுக்கிட்டுச் சுற்றிலும் பார்த்தாள். எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் தொடங்கினாள்.

அவள் நிறுத்தியதும் பக்கத்திலிருந்தவன், என் தோழி சொன்னதை முழுமையாக ஏற்கிறேன் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டான். அடுத்தவள், இதற்கு மேல் சேர்க்க எனக்கு ஒன்றும் இல்லை, அவளே இன்னும் கொஞ்சம் விளக்கினால் நன்றாக இருக்கும் என்றாள். இன்னொருவன், அவள் சொன்ன இரண்டாவது கருத்து எனக்கு மிகவும் பிடித்தது என்றான். எனக்குத் தெரிந்து அவள் இரண்டாவது கருத்து எதையும் சொல்லியிருக்கவில்லை. தாடிக்காரப் பையன் கைகட்டி உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டே இருந்தான். கடைசியில் யார் தொகுத்துச் சொல்கிறீர்கள் என்று மேனேஜர் கேட்டதும், அத்தனை கைகளும் அவளை நோக்கி நீண்டன. கல்யாணப் பந்தியில் சம்பந்திக்கு நடக்கிற உபசாரம் தோற்றது போங்கள்.

மேனேஜர் என் பக்கம் சாய்ந்து, இது முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டது, மொத்தக் குழுவையும் நிராகரித்துவிடலாம் என்று முணுமுணுத்தார். அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்கும் சுர்ரென்று ஏறியது. மீட்டிங்கில் நானே வாயைத் திறந்து கேட்டு இந்த மலைக்கு ஏறி வந்திருக்கிறேன், இங்கே வந்து நாடகம் போடுகிறார்களே என்று இருந்தது. எழுந்து போகப் பார்த்தவர்களை உட்காரச் சொன்னேன். இந்த நாடகத்தை எழுதியது யார், இப்போது சொல்லிவிட்டால் எல்லோருக்கும் நல்லது என்று மலையாளத்தில் கேட்டேன். என் குரல் வராந்தா வரைக்கும் போயிருக்க வேண்டும். வெளியே இருந்த பேச்சும் நின்றுபோனது.

எல்லோரையும்விட அதிர்ந்து போயிருந்தது அந்தப் பெண்தான். மற்றவர்களுக்குப் பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது என்றுதான் அதுவரைக்கும் அவள் நினைத்திருக்கிறாள். அது அவள் முகத்திலேயே தெரிந்தது.

தாடிக்காரப் பையன் எழுந்தான். யோசனை என்னுடையதுதான் மேடம், அவளுக்கு இதில் ஒன்றும் தெரியாது என்றான். பிறகு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். அவர்களில் ஒருவனுடைய மாமா பையன் கழக்கூட்டத்தில் வேலை பார்க்கிறான். ஒரு குழுவிலிருந்து ஒருவரைத்தான் எந்தக் கம்பெனியும் எடுக்கும் என்று அவன் சொல்லியிருக்கிறான். அப்படியானால் அந்த ஒருவர் இவளாக இருக்கட்டும் என்று நேற்று கேண்டீனில் மற்றவர்கள் கூடிப் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். இவளுடைய அம்மா மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளுகிறாள். அப்பா இல்லை. இந்த வருடத்தோடு அம்மாவின் வேலை முடிகிறது. அவர்கள் இருப்பது எஸ்டேட் கொடுத்திருக்கும் லயத்து வீடு. வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். இவளுக்கு ஒரு வேலை கிடைத்தால் இரண்டு பேரும் கீழே இறங்கி எங்கேயாவது பிழைத்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு எப்படியும் திரும்பிப் போக ஒரு வீடு இருக்கிறது. இதைச் சொல்லிவிட்டு அவன் உட்கார்ந்தான்.

என் கோபம் போன இடம் தெரியவில்லை. மேனேஜரும் பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டார். இத்தனை வருடத்தில் எத்தனையோ பிள்ளைகள் அடுத்தவன் பேச்சை வெட்டி முன்னால் வருவதற்கு மார்க் போட்டிருக்கிறேன். இவர்களுக்கு எந்தக் கட்டத்தில் மார்க் போடுவது என்று தெரியாமல் மார்க் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் அந்தப் பெண்ணின் கோபம் அப்போதுதான் கிளம்பியது. நாங்கள் இருப்பதையே மறந்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். "ஒங்கிட்ட நான் கேட்டேனாடா? எங்க வீட்டுக் கதைய ஊருக்கெல்லாம் நீதான் சொல்லணுமா?" என்றாள். சுத்தமான தமிழ். பையன் மலையாளி. ஆனாலும் அவன் ஒவ்வொரு வார்த்தைக்கும் மலையாளத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். இந்தத் தமிழில் திட்டு வாங்குவது அவனுக்குப் புதிதில்லை என்று தெரிந்தது. மற்றவர்களும் தலையைக் குனிந்துகொண்டு முழுசாகப் புரிந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தார்கள்.

சரி, இப்போது என்னம்மா செய்யலாம், நீயே சொல் என்று நானும் தமிழில் கேட்டுவிட்டேன். கம்பெனிக்காரி வாயிலிருந்து தமிழ் வந்ததும் அவள் ஒரு கணம் தடுமாறினாள். பிறகு எழுந்து நேராக நின்று சொன்னாள்.

"திரும்ப வைங்க மேடம். நாளைக்கு ஆபீஸ்ல இவங்க யாரும் எங்கூட இருக்க மாட்டாங்க. அங்க யாரு எனக்கு விட்டுக் குடுப்பாங்க?"

மேனேஜர் என்னைத் தனியாக ஜன்னல் பக்கம் அழைத்துப் போனார். ஒரே குழுவுக்கு இரண்டு தடவை வைக்கிற வழக்கம் இல்லை சேச்சி என்றார். எந்த விதியில் அப்படி இருக்கிறது என்றேன். விதியில் இல்லை, வழக்கத்தில் இல்லை என்றார். ஆபீஸில் யாராவது கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன், இன்றைக்கு ஒரு புது வழக்கம் ஏற்படட்டும் என்றேன். அவர் அரை மனதாகச் சரி என்றார். பிறகு ஒன்று சொன்னார். நீங்கள் அவளிடம் தமிழில் பேசினீர்கள், நாளைக்கு அவள் தேறினால் சொந்த பாஷைக்காரி என்று எடுத்துவிட்டார்கள் என்று வெளியே நிற்கிற மற்ற பிள்ளைகள் பேசுவார்கள், அந்தப் பேச்சு உங்களைவிட அவளைத்தான் சுடும் என்றார். அது நியாயமான பேச்சு. எனக்குச் சுருக்கென்றது. இனி அவளிடம் மட்டும் தனியாகத் தமிழில் பேசுவதில்லை என்று ஒத்துக்கொண்டேன்.

திரும்பி வந்து எல்லோருக்கும் பொதுவாக மலையாளத்தில் சொன்னேன். மறுபடியும் நடத்தப் போகிறோம், யாருக்கு எந்த பாஷை வருகிறதோ அதில் பேசலாம். இன்னொன்று, ஒரு குழுவுக்கு ஒருவர் என்று எங்களிடம் ஒரு கணக்கும் கிடையாது. நன்றாக இருந்தால் அத்தனை பேரையும் எடுப்போம். இல்லையென்றால் ஒருவரையும் எடுக்க மாட்டோம்.

அதைக் கேட்டு அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதை என்னால் மறக்க முடியாது. ராத்திரி முழுக்க மனசைக் கல்லாக்கிக்கொண்டு வேலையைத் தியாகம் செய்துவிட்டு வந்திருக்கிறார்கள், அதற்கு அவசியமே இல்லை. ஒரு பெண் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். கதவருகே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ப்ளேஸ்மெண்ட் ஆபீஸர், அந்த மாமா பையன் யாருடைய மாமா பையன் என்று தெரிந்தே ஆகவேண்டும் என்று நின்றார். நான்தான் அவரைச் சமாதானப்படுத்தி வெளியே அனுப்பினேன்.

மேனேஜர் வேறு தலைப்பு கொடுக்கலாம் என்றார். அதே இருக்கட்டும் சார் என்றாள் அந்த மெலிந்த பெண்.

இந்தத் தடவை யாரும் யாரையும் முதலில் பேசச் சொல்லவில்லை. தாடிக்காரப் பையனே தொடங்கினான். கைகட்டித் தலையாட்டிக்கொண்டிருந்தவன் இவன்தானா என்று ஆகிவிட்டது. வீட்டிலிருந்து வேலை என்பது எங்களைப் போன்ற ஊர்களுக்காகவே வந்தது என்றான். கழக்கூட்டத்தில் ஒரு அறையில் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்க வேண்டாம், வாடகை வேண்டாம், ஹைவேயில் புகை குடிக்க வேண்டாம், சம்பளம் மலையேறி இங்கே வரும், இங்குள்ள கடையில் செலவாகும், ஊர் பிழைக்கும் என்று அடுக்கிக்கொண்டே போனான். ஒருவன் இங்கே மழை பெய்தால் நெட் போய்விடுகிறதே என்று குறுக்கே புகுந்தான். இன்னொருத்தி, வீட்டில் இருந்தால் பெண்ணுக்கு ஆபீஸ் வேலையும் சமையல் வேலையும் சேர்ந்து வரும், உனக்கு என்ன தெரியும் என்று பாய்ந்தாள். அவன் அதற்கும் பதில் வைத்திருந்தான். கேட்கவே நன்றாக இருந்தது.

அந்தப் பெண் அதுவரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவன் பேச்சின் நடுவில், கையைக்கூட உயர்த்தாமல், வெட்டினாள். வீட்டிலிருந்து வேலை, வீட்டிலிருந்து வேலை என்கிறாயே, யாருடைய வீடு என்று கேட்டாள். அவன் நிறுத்திவிட்டான். அவள் நிறுத்தவில்லை. மலையாளத்தில், அங்கங்கே தமிழ் வந்து விழுந்துகொண்டே, மளமளவென்று பேசினாள். எங்கள் வீடு வேலையோடு சேர்த்துக் கொடுத்தது. அம்மா காய்ச்சலில் கிடந்தாலும் எழுந்து மலைக்குப் போவாள், கொழுந்துக்காகப் போனதைவிட வீட்டுக்காகப் போனதுதான் அதிகம். வேலையும் வீடும் ஒன்றாக இருந்தால் என்ன ஆகும் என்று எங்கள் லயத்தில் வந்து பார். வேலை ஒரு இடத்தில் இருக்க வேண்டும், வீடு ஒரு இடத்தில் இருக்க வேண்டும். வேலை போகிற அன்றைக்கே வீடும் போகக் கூடாது. அதனால் எனக்கு ஆபீஸ்தான் வேண்டும், காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பி வருகிற ஆபீஸ் என்றாள்.

பையன் சளைக்கவில்லை. வாடகை கொடுக்க முடியாவிட்டால் கீழேயும்தான் வீடு போகும் என்றான். கீழே என்றால் வேறு வீடு தேடலாம், எஸ்டேட்டில் வேறு வீடு எங்கே இருக்கிறது என்று இவள் திருப்பிக் கேட்டாள். அதற்குள் மற்றவர்கள் புகுந்தார்கள். மேஜை தட்டப்பட்டது. ஒருவன் எழுந்தே நின்றுவிட்டான். சற்று முன்னால் மற்றவன் வாயால் வெளியே வந்தபோது அவளுக்கு அவ்வளவு கோபத்தைக் கொடுத்த விஷயத்தை, இப்போது அவளே எடுத்துத் தன் கட்சிக்கு வாதமாகப் போட்டுவிட்டாள். எனக்கு எழுந்து அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. மார்க் போடுகிறவள் அப்படிச் செய்யக் கூடாது என்பதால் தண்ணீர் குடித்தேன்.

நேரம் முடிந்ததாக மேனேஜர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. கையைத் தட்டித்தான் நிறுத்த வேண்டியிருந்தது. அவர் முன்னால் இருந்த மார்க் கட்டங்கள் பாதிக்குமேல் காலியாக இருந்தன. கேட்டுக்கொண்டே இருந்துவிட்டேன் சேச்சி என்று அசடு வழிந்தார். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து போட்டோம்.

அதற்குப் பிறகு தனித்தனி இன்டர்வியூ. அது மேனேஜருடைய ராஜ்ஜியம். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதச் சொல்வார். அங்கே அவர் யாருக்கும் இரங்க மாட்டார். இரங்கவும் கூடாது என்றுதான் நானும் நினைக்கிறேன். அந்தப் பெண் எழுதியது முதலில் ஓடவில்லை. அவர் கன்னத்தில் கை வைத்துக் காத்திருந்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு வரி வரியாகக் கீழே இறங்கினாள், மறுபடியும் மேலே போனாள், ஒரு இடத்தில் நின்று மாற்றினாள். ஓடியது. அவள் பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கற்றுக்கொடுத்தால் கற்றுக்கொள்கிறவள் என்று தெரிந்தது, புதிதாக வருகிறவர்களிடம் அதற்கு மேல் நாங்கள் எதிர்பார்ப்பதில்லை.

தாடிக்காரப் பையனின் ப்ரோக்ராம் கடைசிவரை ஓடவில்லை. இது எனக்கு எப்போதுமே வந்ததில்லை சார், அப்பா ஆசைப்பட்டார் என்று சேர்ந்தேன் என்று அவனே சிரித்துக்கொண்டு சொன்னான். அவனை விட்டுவிட மேனேஜருக்கு மனசே இல்லை. இன்னும் ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தார், இன்னும் ஒன்று கேட்டார். ஒன்றும் நடக்கவில்லை. கீழே இறங்கும்போது வழிநெடுக, சேல்ஸில் ஆள் எடுக்கும்போது அந்தப் பையனைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவருக்கு வயிற்றைப் புரட்டுகிற ஞாபகமே வரவில்லை.

தேறியவர்களின் பெயரை ப்ளேஸ்மெண்ட் ஆபீஸர் வராந்தாவில் நின்று படித்தார். ஒவ்வொரு பெயருக்கும் நிறுத்தி, படித்தது சரிதானா என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். கடைசிக் குழுவிலிருந்து மூன்று பேர். அவள் அதில் ஒருத்தி. தன் பெயரைக் கேட்டதும் அவள் சிரிக்கவில்லை. தூணில் சாய்ந்து நின்ற தாடிக்காரப் பையனைப் பார்த்தாள். படித்து முடிக்கும்வரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பெயர் வரவில்லை. நேராக அவனிடம் போய் நின்றாள். இந்தத் தடவை நான் ஒன்றும் விட்டுக்கொடுக்கவில்லை, நேராகவே தோற்றேன், அதனால் இழவு வீட்டில் நிற்கிற மாதிரி நிற்காதே என்றான் அவன். அவள் கையிலிருந்த ஃபைலால் அவன் தோளில் ஒன்று வைத்தாள். அதற்கப்புறம்தான் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணீரும் வந்தது.

பெயர் படிக்கிற நேரத்தில் நான் சந்தோஷமாக இருந்தது அபூர்வம். பெயர் வராதவர்களும் அதே வராந்தாவில்தான் நின்றிருப்பார்கள். காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டால் போதும் என்று இருக்கும். அன்றைக்கு மட்டும் எனக்கு ஏறிப் போகவே மனமில்லை. இன்னொரு கட்டன் சாயா கொடுங்கள் என்று நானே கேட்டு வாங்கிக் குடித்தேன்.

அவள் போனைக் காதில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். லயத்தில் ரேஞ்ச் கிடையாதாம். அம்மா வேலை முடிந்து, சாலைத் திருப்பம் வரைக்கும் நடந்து வந்தால்தான் போன் கிடைக்குமாம். அங்கே வந்ததும் அம்மாவே கூப்பிடுவாள், தினமும் அதுதான் வழக்கம் என்று பக்கத்திலிருந்த பெண் எனக்குச் சொன்னாள். மற்ற பிள்ளைகளும் வீட்டுக்குப் போகாமல் அந்த அழைப்புக்காகக் காத்திருந்தார்கள். நாங்கள் காரில் ஏறப் போகும்போது போன் அடித்தது. வராந்தாவில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். அவள் எங்கள் கார் பக்கமாகத் தள்ளி வந்து நின்று எடுத்தாள். அடுத்தவர் போன் பேசுவதைக் கேட்கக் கூடாதுதான். நான் கரமனைத் தெருவில் வளர்ந்தவள், கேட்டுக்கொண்டுதான் நின்றேன்.

கம்பெனி, வேலை, சம்பளம் என்று எதையும் அவள் சொல்லவில்லை.

"அம்மா, கீழ ஒரு வீடு பாக்கணும்" என்றாள்.

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.

"யாருக்கா? நமக்குத்தாம்மா."